கையோடு வரும் ஸ்டியரிங்

போன வாரம் நான் விட்டுவிட்டு வந்த இடத்தில் தேவானந்தம் தன் காருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு மனுஷரை ஏழு நாள் அப்படி நிறுத்தி வைக்கலாமா என்று ராணிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயம்தான். முதலில் அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிடுகிறேன்.

உட்கார்ந்துவிட்டார். வலது கால் மட்டும் உட்காரவில்லை. அது நேராக முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

தேவானந்தம் என் தங்கை ஜெயபுஷ்பத்தின் கணவர். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு, மேனேஜர். எண்பத்தொன்றாம் வருஷம் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டி நொறுங்கிப் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுக்கை. எலும்பை டாக்டர்கள் ஒட்டவைத்தார்கள். நடக்கவைத்தது பிசியோதெரபி ரோஸ்.

நடக்கவைப்பது என்றால் சும்மா இல்லை. அந்த அம்மாள் காலைப் பிடித்து மடக்கும்போது இவர் போடும் சத்தம் வேலூர்க் கோட்டை அகழி வரைக்கும் கேட்கும். அகழியில் மீன் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஜெயபுஷ்பம் தாங்கமாட்டாமல், முழு வார்டும் கேட்க, ரோஸைப் பார்த்து "கொலைகாரி" என்று சொல்லிவிட்டாள். அதே வாரம் இவர் பத்தடி நடந்தார். நடந்த சந்தோஷத்தில் ரோஸுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"நீங்க ரிட்டையர் ஆகி ஊருக்குப் போற அன்னிக்கு, என் கார்ல, நானே ஓட்டி, உங்கள காட்பாடி ஸ்டேஷன்ல விடுவேன்."

அந்த நாள்தான் இன்றைக்கு. எண்பத்துமூன்று, மே மாதம், வெள்ளிக்கிழமை. நாகர்கோவில்காரியான ரோஸ் ஒரேயடியாக ஊருக்குப் போகிறாள். வண்டி சாயங்காலம் ஆறரைக்கு.

கார் என்றதும் நீங்கள் அம்பாசடரை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. தோல் ஷாப்பில் மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது இவரிடம் விட்டுப்போனது. அவ்வளவு தாழ்ந்த வண்டி. அறுபத்தெட்டில் பச்சகுப்பம் ரயில்வே கேட் மூடியிருந்தபோது இவர் கவனிக்காமல் கட்டைக்கு அடியிலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்கீப்பர் குனிந்து பார்த்து சலாம் வைத்தார். நம்பாதவர்கள் கேட்கீப்பரைக் கேட்கலாம். அவர் இப்போது இல்லை.

இந்தக் காரில் காலை நேராக நீட்டித்தான் ஓட்ட வேண்டும். மடங்காத காலுக்கு அதைவிட வசதி ஏது? ஆனால் உள்ளே நுழைவதுதான் சங்கடம். ஸ்டியரிங் வீல் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். அதற்கும் கதவுக்கும் நடுவில் முட்டியை மடக்கி நுழைக்க வேண்டும். இவருக்கு மடங்காது. ரெண்டு வருஷமாக வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

இதைப் பார்த்த ஜெர்மன்காரர் ஒருவர், தோல் வாங்க வந்தவர், ஊர் போனதும் ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே சின்னதாக ஒரு ஸ்டியரிங் வீல். ரேஸ் வண்டியில் இருப்பது. நடுவில் வளையம் மாதிரி ஒரு காலர். அதைப் பிடித்து இழுத்தால் வீல் கையோடு வந்துவிடும். ஆள் உள்ளே உட்கார்ந்த பிறகு திரும்ப மாட்டினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். கூடவே ஒரு வரி: "நல்ல தோல் தந்தீர்கள், நன்றி."

இதுவரை வந்தாயிற்று. இனிமேல் இன்றைய கதை.

காலை ஏழு மணிக்கு மெக்கானிக் அமீர் பாஷா வந்தார். ஜெர்மன் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரின் ஸ்டியரிங் கம்பியைப் பார்த்தார். ஒரு பீடி பற்றவைத்தார்.

"சார், ஒரு பேஜார் கீது."

"இன்னா பாய்?"

"கம்பியில பல்லு வேற, இதுல பல்லு வேற. ரெண்டும் சேராது."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தேவானந்தத்தின் முகம் தொங்கிப்போனது.

"ஒரே வழி. பழைய வீலு நடுவுல ஒரு குமிழ் இருக்குது பாருங்க, அது பல்லு கம்பிக்குப் பொருந்தும். பழைய வீல வெட்டிட்டு குமிழ மட்டும் எடுத்துக்கலாம். லேத்துல கொடுத்து சமம் பண்ணி, ஆறு ஓட்டை போட்டு, இத அது மேல போல்ட்டுல உட்கார வெக்கிறேன்."

"அப்ப பழைய வீலு?"

"வெட்டுனா வெட்டுனதுதான் சார்."

ஜெயபுஷ்பம் சமையல்கட்டிலிருந்து வந்தாள். கையில் முறுக்கு உரல். ரோஸுக்காக விடிகாலையிலிருந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அதையும் வெட்டிட்டு இதுவும் சரியா வரலன்னா இன்னா பண்ணுவீங்க? கார் மொட்டையா நிக்கும். தோல் ஷாப் அம்பாசடர் இருக்குது, டிரைவர் காசி இருக்கிறான். அதுல கூப்பிட்டுப் போய் விட்டா அந்தம்மா வேணாம்னு சொல்லப் போறாங்களா?"

"நான் சொன்னது என் கார்ல. நானே ஓட்டி."

"வாக்குக் கொடுத்தப்ப காய்ச்சல் நூத்திரண்டு."

"காய்ச்சல்ல சொன்னாலும் சொன்னதுதான் புஷ்பம்." அமீர் பாஷா பக்கம் திரும்பினார். "வெட்டுங்க பாய்."

வெட்டும்போது அவர் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். போன வருஷக் காலண்டர்.

லேத்து, ஓட்டை, போல்ட்டு எல்லாம் முடிந்து அமீர் பாஷா வீலை மாட்டியபோது மணி பன்னிரண்டு. காலரை இழுத்தார், வீல் கையோடு வந்தது. தள்ளினார், 'டக்'. இருபது தடவை செய்து காட்டினார். தெருவில் போனவர்களுக்கும் செய்து காட்டினார்.

"ஹார்ன் மட்டும் வராது சார். ஒயர் பழைய வீலோட போச்சு."

"அதுக்கு மச்சான் இருக்கார்" என்றார் தேவானந்தம். மச்சான் என்றால் நான்.

வீலைக் கழற்றிவிட்டு அவரை உள்ளே அனுப்பினோம். சீட்டில் உட்கார்ந்தார். நீட்டிய கால் நீட்டியபடியே உள்ளே போய்ப் பெடலைத் தொட்டது. ஜெயபுஷ்பம் வீலை எடுத்துக் கொடுத்தாள். 'டக்.'

தேவானந்தம் ரெண்டு கையையும் வீலில் வைத்து, நெற்றியை அதன் மேல் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். அமீர் பாஷா தலையிலிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். கூலி என்று நான் வாயெடுத்தபோது அவர் என்னை முறைத்தார்.

"சார் என் பையன தோல் ஷாப்புல சேத்துவிட்டப்ப நான் கூலி கொடுத்தேனா பெரியவரே?"

இதுவரைக்கும் எல்லாரும் சரியாக நடந்துகொண்டார்கள். இனிமேல் வருவது என் பங்கு.

வீலை மாட்டியபின் ஆட்டிப் பார்த்தால் நூலளவு ஆட்டம் இருந்தது. 'லொடக், லொடக்' என்று ஒரு சத்தம். "ரேஸ் வண்டியில அப்படித்தான் இருக்கும், அத தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அமீர் பாஷா தொழுகைக்குப் போனார். தேவானந்தம் சட்டை மாற்ற உள்ளே போனார்.

நாற்பத்தொரு வருஷம் தோலில் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஊரில் கதவு ஆடினால் தோல் துண்டு வைப்போம். மேஜை ஆடினால் தோல் துண்டு வைப்போம். மாமனாருக்குப் பல் ஆடியபோதுகூட ஒருவர் வைத்துப் பார்த்தார். நல்ல எருமைத் தோலில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டினேன். படிந்து உட்காரட்டும் என்று தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தேன். காலருக்கு உள்ளே சொருகினேன். தேவானந்தம் வந்து உட்கார்ந்து வீலை மாட்டிக்கொண்டார்.

"மச்சான், சத்தமே இல்ல! பாய் இன்னா பண்ணாரு?"

"பெரிய கைகாரன்" என்றேன். அடக்கம் என் கூடப் பிறந்தது.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். சிவப்புக் காரில் அவரும் நானும். பின்னால் அம்பாசடரில் காசியும் ஜெயபுஷ்பமும் முறுக்கு டின்னும்.

பெங்களூர் ரோட்டில் மே மாத வெயில். மாதனூரில் ஒரு ஆட்டு மந்தைக்கு நான் வாயாலேயே ஹார்ன் அடித்தேன். பள்ளிகொண்டாவில் ஒரு பஸ்ஸுக்கு அடித்தேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, யாருக்கு என்ன ஆச்சு என்று இறங்கியே வந்துவிட்டார். விரிஞ்சிபுரம் தாண்டும்போது தொண்டை போய்விட்டது. தேவானந்தம் எதையும் கவனிக்கவில்லை. வழி முழுக்க ரோஸிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

"இறங்கி, தடி இல்லாம, அவங்க வாசப்படி வரைக்கும் நடக்கணும் மச்சான். நடந்துட்டு, 'இது நீங்க கொடுத்த காலு'ன்னு சொல்லணும். நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கும்."

"அழுதுட மாட்டேனே?"

"அழுதா நான் ஹார்ன் அடிக்கிறேன்."

மூன்று மணிக்குப் பாகாயம். குவார்ட்டர்ஸ் வாசலில் ரோஸ் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை, கனத்த கண்ணாடி. காரைப் பார்த்ததும் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்பாசடரும் வந்து நின்றது.

தேவானந்தம் சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஸ்டியரிங் காலரை இழுத்தார்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார். நான் இழுத்தேன். காசி வந்து இழுத்தான். கார் முன்னும் பின்னும் ஆடியதே தவிர வீல் அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரத் தோலை இரும்புக்குள் சொருகி ஒன்றரை மணி நேரம் வெயிலில் காயவைத்தால் என்ன ஆகும்? சுருங்கும். கல்லாகும். அதைப் பிடித்த இரும்பை அது விடாது. இது ஆம்பூரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு மட்டும் தெரியவில்லை.

"நான் ஒரு வாஷர் போட்டேன்" என்றேன்.

"இன்னா வாஷர்?" என்றாள் ஜெயபுஷ்பம்.

"தோல் வாஷர்."

"காஞ்சதா?"

"ஊறவெச்சது."

அவள் மேனேஜர் வீட்டுக்காரி. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அண்ணா!" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் எங்கள் அம்மா அப்பா இருவரும் இருந்தார்கள்.

பிளேடால் கீறிப் பார்த்தோம், பிளேடு எட்டவில்லை. எண்ணெய் விட்டோம், எருமைத் தோல் நன்றாகக் குடித்தது. நாலு பேர் சேர்ந்து அவரை அப்படியே மேலே தூக்கலாம் என்று காசி சொன்னான். ஆள் வருவார், தொடை ரெண்டும் வீலுக்கு அடியிலேயே நின்றுவிடும் என்றேன். பக்கத்துச் சீட்டுக்கு நகர்த்தவும் கியர்த் தடி குறுக்கே நின்றது.

தேவானந்தம் வீலைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி தள்ளி ரோஸின் வாசப்படி. காரிலேயே உட்கார்ந்து நன்றி சொல்லிவிட்டு, உட்கார்ந்தபடியே ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் திரும்பலாம். ஆனால் அவள் நடக்கவைத்த காலை ஒரு தடவைகூட நடந்து காட்டாமல் அனுப்புவதா?

ரோஸ் இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, அவர் முட்டி மேல் கையை வைத்தாள்.

"எத்தனை டிகிரி மடங்குது இப்ப?"

அவர் ஸ்டியரிங் வீலைப் பார்த்தார்.

"நான் அனுப்பும்போது அறுபது. வீட்டுல தினமும் மடக்கச் சொன்னேன். மடக்கினீங்களா?"

"கொஞ்ச நாள்..."

"மடக்கல" என்றாள் ஜெயபுஷ்பம். "ஒரு வாரம் மடக்கினாரு. அப்புறம் வலிக்குதுன்னு விட்டுட்டாரு. நானும் பாவம்னு விட்டுட்டேன்."

"அப்போ கால் மடங்காததுக்காகக் காரை மடக்கியிருக்கீங்க" என்றாள் ரோஸ். "சரி. பச்சத் தோல்ல இருந்து ஆரம்பிங்க."

எனக்குப் புரியவில்லை. தேவானந்தத்துக்குப் புரிந்தது. வார்டிலும் இதுதான் வழக்கமாம்: அவர் தோல் பதனிடும் வேலையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் மடக்குவாள். இப்படிக் கேட்டுக் கேட்டு ரோஸுக்குத் தனியாக ஒரு தோல் ஷாப் நடத்துகிற அளவுக்குத் தெரியும்.

"பச்சத் தோல... தண்ணியில போட்டு உப்பு போக அலசணும்..." என்றார்.

"ம்."

"அப்புறம் சுண்ணாம்புல... அம்மா!"

"சுண்ணாம்புல எத்தனை நாள்?"

"மூணு... நாள். முடி கழண்டுரும். அப்புறம் சதை சீவுறது... ரோஸம்மா, வேணாம்!"

"சதை சீவியாச்சு. அடுத்து?"

ஜெயபுஷ்பம் அவர் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் கத்திய கத்தலில் குவார்ட்டர்ஸில் ஜன்னல்கள் திறந்தன. ஆஸ்பத்திரி ஜனம் என்பதால் எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். என் தங்கை வாயைத் திறந்தாள். பழைய வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் குனிந்து அவர் காதில், "டிரம்முல போடுங்க, டிரம்முல போட்டாச்சா, சொல்லுங்க" என்றாள்.

டிரம்மில் போட்டார். கடுக்காய்ச் சாறு ஊற்றினார். பிழிந்தார், ஆணியடித்துக் காயப்போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ரெண்டு தடவை ரோஸ் நிறுத்தி, காலை நீவிவிட்டு, மறுபடி தொடங்கினாள். எண்ணெய் தடவி மெருகேற்றும் கட்டத்தில் முட்டி வீலுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தொட்டது. உரசியது. வெளியே வந்தது.

வந்த காலைத் தரையில் ஊன்றி, கதவைப் பிடித்து, தேவானந்தம் எழுந்து நின்றார். சட்டை பிழிந்த துணி மாதிரி நனைந்திருந்தது. பன்னிரண்டு அடி நடந்தார். வாசப்படியைத் தொட்டார். திரும்பினார். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வரவில்லை.

"மடங்கிருச்சு ரோஸம்மா" என்றார்.

"பாத்தேன் அண்ணே" என்றாள் ரோஸ். அவளால் தரையிலிருந்து எழ முடியவில்லை. அவளுக்கும் ஐம்பத்தெட்டு, முட்டி பிடித்துக்கொண்டது.

ஜெயபுஷ்பம்தான் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய கையை விடவில்லை.

"அன்னிக்கு வார்டுல நான் உங்கள ஒரு வார்த்தை..."

"நல்லா ஞாபகம் இருக்கு. பக்கத்து வார்டுக்கும் கேட்டுது."

"மன்னிச்சிடுங்க. அந்தக் கை இல்லாட்டி இவரு எழுந்தே இருக்க மாட்டாரு. ரெண்டு வருஷமா ராத்திரி ஜெபத்துல தினமும் உங்க பேரச் சொல்றேன். நேர்ல சொல்லத்தான் வாய் வரல."

ரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் பார்த்த பொம்பளைங்கள்ல பாதிப்பேரு என்னை அப்படிச் சொல்லியிருக்காங்க. முறுக்குச் சுட்டுட்டு வந்தது நீங்க ஒருத்திதான்."

என் வாஷர் மட்டும் இல்லையென்றால் இதில் எதுவுமே நடந்திருக்காது. இதை நான் சொல்லிக்காட்டவில்லை. சற்று உரக்க நினைத்தேன், அவ்வளவுதான். அதற்கும் யாரும் நன்றி சொல்லவில்லை.

ஐந்தடிக்கக் கால் மணி. தேவானந்தம் காருக்குத் திரும்பினார். வீல் இன்னும் கல்லாகத்தான் இருந்தது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்து, "டிரம்முல போடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முட்டியை மடக்கினார். பல்லைக் கடித்தார். உள்ளே போய்விட்டார். யாரும் பிடிக்கவில்லை.

"உட்காருங்க ரோஸம்மா" என்றார். முகத்தில் இருபத்தைந்து வயசு.

நான் என் சீட்டை ரோஸுக்குக் கொடுத்துவிட்டு ஹார்ன் வேலையையும் ஒப்படைத்தேன். டிரங்குப் பெட்டியைக் காசி அம்பாசடர் டிக்கியில் வைத்தான். உட்காருமுன் ரோஸ் தன் கைப்பையை ஜெயபுஷ்பத்திடம் நீட்டினாள். "காத்துல பறந்துரும், வச்சிருங்க." அப்புறம் குனிந்து தேவானந்தத்திடம் ஏதோ சொன்னாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை தலையாட்டினார்.

நாங்கள் பின்னால் போனோம். ஜெயபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தாள். பாகாயம் மெயின் ரோடு வந்தது. இடது பக்கம் திரும்பினால் வேலூர், பாலாற்றுப் பாலம், காட்பாடி. வலது பக்கம் கணியம்பாடி, ஆரணி.

சிவப்புக் கார் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வலது பக்கம் திரும்பியது.

"அண்ணா," என்றாள் ஜெயபுஷ்பம், "ஸ்டேஷன் அந்தப் பக்கமா?"

"இல்ல."

"அப்ப அவரு எங்க போறாரு?"

அவள் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பையின் வாய் திறந்திருந்தது, ரோஸின் ரயில் டிக்கெட்டின் ஓரம் வெளியே தெரிந்தது. தூரத்தில் சிவப்பு வண்டி ஆரணி ரோட்டில் சின்னதாகிக்கொண்டே போனது. மணி ஐந்து அடித்தது.

காசி என்ஜினை நிறுத்தாமல் எங்கள் ரெண்டு பேரையும் கண்ணாடியில் பார்த்தான்.

"நான் எந்தப் பக்கம் திருப்பறது சார்?"

அவனுக்கு நான் சொன்ன பதில் அடுத்த வாரம்.